எட்டாவதோட போதும்னு சொல்ல நாம யாரு?

மார்ச் குளோசிங் முடிஞ்சு இப்பத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கு. இந்த வாரம் புனேயில நல்ல இட்லி அரிசி எங்க கிடைக்கும்னு எழுதலாம்னு இருந்தேன். மனசு அதுல போகல. கொஞ்சம் காரமான பதிவு, பொறுத்துக்கோங்க.

என் பையன் எட்டாவது முடிச்சிருக்கான். அவன் ஸ்கூல்ல 25 சதவீத ஒதுக்கீட்டுல படிச்ச பிள்ளைங்களும் எட்டாவது முடிச்சிருக்காங்க. அந்தப் பிள்ளைங்களோட அம்மா அப்பா ஆறு பேர் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்தாங்க. ஒன்பதாவது, பத்தாவது ரெண்டு வருஷத்துக்கு மட்டும் ஃபீஸைக் குறைச்சு, பிள்ளைங்களை இங்கேயே படிக்க விடுங்கன்னு கேட்டாங்க. கும்பிட்டுக் கேட்ட மனு.

அதை எதிர்த்து ஃபீஸ் கட்டுற பெற்றோர் இன்னொரு மனு எழுதி கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க. "சட்டப்படி எட்டாவதோட முடிஞ்சது, சலுகையை நீட்டிக்கக் கூடாது, அந்தச் சுமை எங்க தலையில விழும்"னு. அதை எழுதினவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம ஊர்க்காரர். பொங்கலுக்கு எங்க வீட்ல வந்து சாப்பிட்டவர். இந்த ஏரியா தமிழ்க் குடும்பங்களோட வாட்ஸப் குரூப்ல அதைப் போட்டதும் ஒரு மணி நேரத்துல பதினோரு பேர் கட்டை விரலைத் தூக்கிட்டாங்க. ராத்திரி எனக்கு போன். "அண்ணே, நம்மாளுங்கள்ல நீங்க மட்டும்தான் பாக்கி."

போடலைன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டார். போன்ல சரியாச் சொல்ல வரல. அதான் இங்க எழுதுறேன்.

முதல்ல சட்டம் என்னன்னு பார்த்துருவோம், பாதிப் பேருக்குத் தெரியல. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல நிறைவேறி 2010 ஏப்ரல் 1-லேர்ந்து அமலுக்கு வந்தது. அரசு உதவி வாங்காத தனியார் பள்ளியும் நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை ஏழை, ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும். சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. தனியார் பள்ளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2012 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. அந்தப் பிள்ளைங்களுக்கான பணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கணும். அரசுப் பள்ளியில ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவு, அந்தத் தனியார் பள்ளி ஃபீஸ், ரெண்டுல எது குறைவோ அது. இதெல்லாம் எட்டாவது வரைக்கும்தான். ஒன்பதாவதுல சட்டம் கையை உதறிடும். 2019-ல வந்த தேசியக் கல்விக் கொள்கை வரைவு, இந்தச் சட்டத்தைப் பன்னிரண்டாவது வரைக்கும் நீட்டணும்னு சொன்னது. சட்டம் இன்னும் மாறல.

அந்த ஆறு பேர்ல ஒருத்தர் எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற மாவ்ஷி. புனேக்காரங்களுக்குத் தெரியும், இங்க வீட்டு வேலை செய்றவங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்க, மராட்டியில சித்தின்னு அர்த்தம். லாத்தூர் பக்கம். மழை பொய்ச்சு, நிலத்துல ஒண்ணும் இல்லாம இங்க வந்தவங்க. 2018-ல அவங்க பொண்ணுக்கு விண்ணப்பம் போட்டப்ப நான்தான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து நிரப்பினேன். சாதிச் சான்றிதழுக்கு அவங்க வீட்டுக்காரர் ஊருக்கு மூணு தடவை போய் வந்தார், ஒவ்வொரு தடவையும் கூலி போச்சு. வாடகை வீட்டுக்கு அக்ரிமெண்ட் கேட்டாங்க. பத்துக்குப் பத்து தகரக் கொட்டகைக்கு எந்த ஓனர் பத்திரம் எழுதிக் கொடுப்பார்? அலையா அலைஞ்சு அதையும் வாங்கினோம். ஆன்லைன் குலுக்கல்ல பேர் வந்த அன்னைக்கு அவங்க எங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து அழுதது இன்னும் ஞாபகம் இருக்கு.

பொண்ணும் என் பையனும் ஒண்ணாவதுலேர்ந்து ஒரே செக்‌ஷன். கணக்குல இவனை விட அவ நல்ல மார்க். (பையன் இதைப் படிக்க மாட்டான், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அந்த வெட்கக்கேடு தனிப் பதிவு.)

இப்ப ஒன்பதாவது ஃபீஸ் வருஷத்துக்கு 80 ஆயிரம். மாவ்ஷிக்கு அஞ்சு வீட்டுச் சம்பளம் சேர்த்து மாசம் 14,000. எண்பதாயிரத்தை பன்னிரண்டால வகுங்க, 6,667. அவங்க சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிற வேலை, மழைக்காலத்துல வேலை இருக்காது.

போன மாசம் மாவ்ஷி கழுத்துல கிடந்த மங்கள்சூத்ராவைக் கையில பிடிச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டாங்க: "சாஹேப், உங்க பேங்க்ல இதுக்கு எவ்வளவு கொடுப்பாங்க?" கருகமணிக்கு நடுவுல ரெண்டு சின்னத் தங்கக் கிண்ணம். எங்க தராசுல வெச்சா ஒரு டெர்ம் ஃபீஸுக்குக்கூடத் தேறாது.

அன்னைக்குக் காலையிலதான் 12 லட்ச ரூபா கார் லோன் ஒண்ணுக்குக் கையெழுத்து போட்டுட்டு வந்தேன். வாங்கினவருக்கு அது ரெண்டாவது கார். பொதுவா கார் லோன் வட்டியை விட படிப்பு லோன் வட்டி அதிகம், தெரியுமா உங்களுக்கு? காரைத் திருப்பி எடுத்து விக்கலாம், படிப்பை எடுத்து விக்க முடியாது, அதான் கணக்கு. அந்தப் படிப்பு லோனும் காலேஜுக்குத்தான். ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்குக் கொடுக்க என் மேஜையில ஒரு திட்டமும் இல்ல. நகைக்கடனுக்கு மே, ஜூன்ல வரிசை நிக்கும். அதுக்கும் வழியில்லாதவங்க மைக்ரோஃபைனான்ஸ் குழுவுல இருபது சதவீதத்துக்கு மேல வட்டிக்கு வாங்குறாங்க. யார்கிட்ட இல்லையோ அவங்களுக்கு வட்டி அதிகம். பி.காம்ல இதை ரிஸ்க் பிரீமியம்னு படிச்சேன். சின்னப் பிள்ளைங்க விஷயத்துல அதுக்கு வேற பேர் வைக்கணும்.

இப்ப என் கதை கொஞ்சம். கொசுவத்தி சுத்துறேன்னு நினைக்காதீங்க, காரணம் இருக்கு.

எனக்கு கோவில்பட்டி பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துற வேலை. அம்மா வீட்ல கட்டை அடுக்குவாங்க, நானும் கூட உட்கார்ந்து அடுக்கியிருக்கேன். மத்தியானச் சாப்பாடு ஸ்கூல்ல. காமராஜர் 1956-ல ஆரம்பிச்சு, எம்ஜிஆர் 1982-ல சத்துணவா பெருசாக்கின அதே சாப்பாடு. தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னவன் நான். ஆறாவதுலேர்ந்து அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம். வாத்தியாருங்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், எங்களுக்கு ஃபீஸ் பேருக்குத்தான். ஊர்லயே உருப்படியான ஸ்கூல் அது ஒண்ணுதான், அதனால எல்லா வீட்டுப் பிள்ளையும் அங்கதான். டாக்டர் பையன், மில் சூப்பர்வைசர் பையன், தீப்பெட்டி ஆபீஸ் லோடுமேன் பையன், எல்லாம் ஒரே பெஞ்சு.

என் பக்கத்துல உட்கார்ந்தவன் பேங்க் ஏஜெண்ட் பையன். பேங்க் வேலைக்கு ஒரு பரீட்சை இருக்கு, பி.காம் போதும், சிபாரிசு வேண்டாம்னு எனக்குத் தெரிஞ்சது அவங்க வீட்டுத் திண்ணையிலதான். அவங்க அப்பா பழைய புத்தகம் ரெண்டு கொடுத்தார். எங்க தெருவுல என்னை விட நல்லாப் படிச்ச பையன் ஒருத்தன் இருந்தான். அவன் வேற ஸ்கூல். அவனுக்கு யாரும் சொல்லல. இன்னைக்கும் ஊருக்குப் போனா லாரி ஷெட்ல அவனைப் பார்ப்பேன். "என்னடே, பூனாவுல சௌக்கியமா"ன்னு கேப்பான். பதில் சொல்லிட்டு நான் வேகமா நடந்துருவேன்.

பணம் இல்லாததை விட, வழி தெரிஞ்சவன் பக்கத்துல இல்லாததுதான் பிள்ளைங்களை அதிகமா அழிக்குது. வசதி உள்ளவன் பிள்ளை ஒரு இடத்துலயும் இல்லாதவன் பிள்ளை வேற இடத்துலயும் வளர்ந்தா, எந்தக் காலேஜ், எந்தப் பரீட்சை, யார்கிட்ட கேக்கணும்ங்கிற விவரம் ஒரு பக்கமே தங்கிடுது. 25 சதவீத ஒதுக்கீடு அந்தப் பழைய பெஞ்சைத்தான் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டு வரப் பார்க்குது. அந்தப் பெஞ்சுல ஏறி வந்த நாமளே அதை எட்டாவதோட இழுத்துப் போடச் சொல்லி கையெழுத்து போடுறோம்.

சரி, எதிர்த்தரப்பு சொல்றதை வரிசையா எடுத்துக்குவோம்.

"நாங்க லட்சக்கணக்குல கட்டுறோம், அவங்க ஓசியிலயா?" ஓசின்னா நம்ம ஓசியையும் கொஞ்சம் எண்ணுவோம். பழைய வரித் திட்டத்துல இருக்கிறவங்க ரெண்டு பிள்ளைங்களோட டியூஷன் ஃபீஸை 80சி-யில காட்டி வரி குறைச்சிருக்கோமா இல்லையா? ஸ்கூல் ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பல பள்ளி டிரஸ்டுகளுக்கு வருமான வரி விலக்கு இருக்கு. என்னையே எடுத்துக்கோங்க, வெளியாள் கட்டுற வட்டியை விடக் குறைஞ்ச வட்டியில ஸ்டாஃப் ஹவுசிங் லோன்ல வீடு வாங்கினவன். நமக்கு வந்தா சலுகை, மாவ்ஷிக்கு வந்தா ஓசி! அரசாங்கம் பள்ளிகளுக்குப் பணத்தை இழுத்தடிக்குதுங்கிறது உண்மைதான். பாக்கியை அரசாங்கத்துக்கிட்ட கேளுங்க, நானும் கூட வர்றேன். கடன்காரனை விட்டுட்டு குழந்தைகிட்ட வசூல் பண்ண எந்த பேங்க்லயும் சொல்லித்தர மாட்டாங்க.

"படிப்புத் தரம் போயிடும்." டெல்லியில 2007-லேர்ந்தே பல பெரிய தனியார் பள்ளிகள்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இடம் கொடுத்தாங்க. கௌதம் ராவ்ங்கிற பொருளாதார ஆய்வாளர் அந்தப் பள்ளிகள்ல ஆராய்ச்சி பண்ணி 2019-ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழ்ல வெளியிட்டார். ஏழைப் பிள்ளைங்களோட படிச்ச வசதியான பிள்ளைங்க மத்தவங்களுக்கு அதிகமா விட்டுக் கொடுக்கிறாங்க. ஏழைப் பிள்ளைன்னு ஒதுக்குறது குறையுது. கணக்குலயும் ஹிந்தியிலயும் மார்க் குறையல. இங்கிலீஷ்ல மட்டும் கொஞ்சம் இறக்கம் இருந்தது, அதையும் மறைக்காமச் சொல்லிடுறேன். என் பையன் இங்கிலீஷ்ல நாலு மார்க் குறைஞ்சு மனுஷனா வளர்ந்தா எனக்குச் சம்மதம்.

"பேச்சு, பழக்கவழக்கம் ஒத்து வராது." இதைச் சொல்ற நாம யாரு? 1966-ல சிவசேனா ஆரம்பிச்ச காலத்துல, பக்கத்துல பம்பாய்ல தென்னிந்தியர்களைத் துரத்தணும்னு கிளம்பினாங்க. வேலையைப் பிடுங்க வந்தவங்க, லுங்கி கட்டுறவங்க, பாஷை தெரியாதவங்கன்னு நம்மைச் சொன்னாங்க. மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் வயசானவங்களைக் கேட்டுப் பாருங்க. அறுபது வருஷத்துல அந்த வசனத்தை நாம வாங்கி லாத்தூர்க்காரங்க மேல வீசுறோம்.

"அந்தப் பிள்ளைங்களுக்கே தாழ்வு மனப்பான்மை வரும், பாவம்." இதுதான் இருக்கிறதுலயே மோசம், அக்கறை வேஷம் போட்டு வருது. தாழ்வு மனப்பான்மையைக் கொடுக்கிறது யாரு? தனியார் பள்ளியில சேர்ந்த நாளோட அந்தப் பிள்ளைக்கு மதிய உணவு போச்சு. அந்தத் திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிக்குத்தான். அவ டப்பாவுல சப்பாத்தியும் மிளகாய்ச் சட்னியும் கொண்டு வருவா. பிறந்த நாளுக்குப் பிள்ளைங்களைக் கூப்பிடுறப்ப அவளை மட்டும் விட்டவங்க இந்தக் குரூப்லயே இருக்காங்க. ஒரு வருஷம் பிக்னிக்குக்கு 1,800 ரூபா கேட்டாங்க, அன்னைக்கு அவ காய்ச்சல்னு லீவ் போட்டுட்டா. காய்ச்சல் இல்லைன்னு என் பையனுக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சது.

"அரசுப் பள்ளியைச் சரி பண்ணச் சொல்லுங்க." நூத்துக்கு நூறு சரி. ஆனா யார் சொல்றது? குரல் எடுபடுற அம்மா அப்பா எல்லாம் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளியேறியாச்சு. 2015-ல அலகாபாத் ஹைகோர்ட், அரசு அதிகாரிங்க தங்கள் பிள்ளைங்களை அரசுப் பள்ளியிலதான் சேர்க்கணும்னு உத்தரவு போட்டது. அது நடைமுறைக்கு வரவே இல்ல. அரசுப் பள்ளிக்காகவும் பேசுவோம். அது சரியாகிற வரைக்கும் இந்த ஒரு பொண்ணு எங்க போவா, அதையும் சொல்லுங்க.

நாம எல்லாரும் சேர்ந்து 25 சதவீதத்துலயே தாராளமா இருக்கிற மாதிரி பேசுறோம். பந்தயம் பள்ளிக்கூட வாசல்ல தொடங்கல. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்க. நாட்டுலயே வசதி குறைஞ்ச ஐந்தில் ஒரு பங்கு வீடுகள்ல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கள்ல நூத்துக்கு சுமார் 46 பேர் வயசுக்கேத்த உயரம் இல்லாம இருக்காங்க. வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகள்ல 23 பேர். பல்பம் பிடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு மடங்கு வித்தியாசம். கூட்டு வட்டி மாதிரிதான், வருஷா வருஷம் வட்டி மேல வட்டி ஏறிக்கிட்டே போகும்.

2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடினாங்க. என் பையன் லேப்டாப்ல கிளாஸ் கேட்டான். அந்தப் பொண்ணு வீட்ல ஒரே போன், அது அப்பாவோட வேலைக்குப் போயிடும். எங்க சொசைட்டி கேட்டை மாவ்ஷிங்களுக்கு மூடினாங்க. மத்தவங்களைச் சொல்லி என்ன, நானே ரெண்டு மாசம் முழுச் சம்பளம் கொடுத்துட்டு மூணாவது மாசம் பாதியாக்கினவன். என் சம்பளத்துல ஒரு ரூபா குறையல. அந்த மிச்சப் பணத்துல ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தா அவ மூணாவது வகுப்பு பிழைச்சிருக்கும். அப்ப தோணல. இப்ப தோணுது.

அரசாங்கமும் நம்ம மனசு தெரிஞ்சுதான் நடக்குது. 2024 பிப்ரவரியில மகாராஷ்டிரா அரசு, ஒரு கிலோமீட்டருக்குள்ள அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தா தனியார் பள்ளிக்கு 25 சதவீதம் கட்டாயம் இல்லைன்னு விதியை மாத்தினாங்க. நகரத்துல எந்த இடத்துலதான் இருக்காது? ஒதுக்கீட்டுக்கே பூட்டு போடுற வேலை. பாம்பே ஹைகோர்ட் மே மாசம் தடை போட்டு, ஜூலையில ரத்து பண்ணுச்சு. அடுத்த மாசம் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. பெங்களூர் மக்களே, உங்க கர்நாடகாவுல 2019-லேர்ந்தே இதே மாதிரி விதி. ஊர்ல இருக்கிறவங்களும் ரொம்ப சிரிக்க வேண்டாம். 2025-ல மத்திய அரசுக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் நடந்த நிதிச் சண்டையில, ஜூன்ல நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு.

இப்ப என்ன செய்யலாம்? எங்க ஸ்கூல்ல இந்தக் கணக்கு ஆறு பிள்ளைங்க சம்பந்தப்பட்டது. ஒரு பிள்ளைக்கு 80 ஆயிரம்னா வருஷத்துக்கு 4,80,000. ஃபீஸ் கட்டுற குடும்பம் 1,200. வகுத்துப் பாருங்க, குடும்பத்துக்கு வருஷம் 400 ரூபா. ஒரு பீட்சா. இந்த 400 ரூபாயைச் சுமைன்னு எழுதி, கீழ பதினோரு தமிழ்க் குடும்பம் கையெழுத்து போட்டிருக்கு!

நான் அந்த ஆறு பேரோட மனுவுல, ஃபீஸ் கட்டுற பெற்றோர்னு குறிப்பிட்டு என் பேரை எழுதிக் கொடுத்துட்டேன். நிர்வாகம் ஒத்துக்கலைன்னா அந்தப் பொண்ணோட ரெண்டு வருஷ ஃபீஸுக்கு என்ன வழின்னு தங்கமணியும் நானும் உட்கார்ந்து கணக்கு போட்டாச்சு. அதைத் தருமம்னு யாரும் சொல்ல வேண்டாம், மூணாவது வகுப்புல நான் பிடிச்ச பாதிச் சம்பளத்தோட அசலும் வட்டியும். ஆனா ஒருத்தர் கொடுத்து தீர்ற விஷயம் இல்ல. மத்த அஞ்சு பிள்ளைங்களுக்கு யார் இருக்கா? அதனாலதான் மனுவும் வேணும், சட்டம் மாறவும் வேணும்.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு பேப்பர் சுத்தி வரும். டெல்லியோ, ஹைதராபாத்தோ, அகமதாபாத்தோ, வார்த்தை மட்டும் மாறும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, உங்க வாழ்க்கையில உங்களுக்கு வழி சொன்ன ஆள் யாருன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அந்த ஆள் பக்கத்துல உங்களை உட்கார வெச்சது எந்தப் பள்ளிக்கூடம்னும் நினைச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் போடணும்னு தோணினா போடுங்க.

பி.கு: எங்க சொசைட்டியில "வேலையாட்கள் சர்வீஸ் லிஃப்ட்டை மட்டும் பயன்படுத்தவும்"னு போர்டு இருக்கு. ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு அம்மாவைத் தேடி வந்தப்ப வாட்ச்மேன் அந்த லிஃப்ட்டைக் காட்டினார். கூட நின்ன என் பையன், "அப்பா, காலையில நாங்க ஒரே பஸ்ல வந்தோமே, இப்ப மட்டும் அவ ஏன் அதுல போகணும்?"னு கேட்டான். கமிட்டியில நானும் உறுப்பினர்தான், அந்த போர்டு மாட்ட கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங். போர்டை எடுக்கணும்னு முதல் தீர்மானம் என்னோடது. எத்தனை கை தூக்குதுன்னு அடுத்த பதிவுல சொல்றேன்.